ஆறு கிளாஸ் அக்காவும் அளவு மீறிய சமாதானமும்

தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அவளுக்கென்று ஒரு பதவிப் பெயர் இருந்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்லி அவளைக் கூப்பிட்டதில்லை. காவலாளி முதல் இன்ஜினியர் வரை எல்லோருக்கும் அவள் ஆறு கிளாஸ் அக்காதான். குடிக்கிறவள் என்று அவசரப்பட்டு நினைத்துவிட வேண்டாம். தினமும் காலையில் ஆற்றுத் தண்ணீரை ஆறு கண்ணாடிக் குவளைகளில் பிடித்து வைப்பாள். ஒன்றைவிட அடுத்ததில் கூடுதலாகப் படிகாரக் கரைசலை விடுவாள். கலக்கியை ஓடவிட்டு, நிறுத்தி, எந்தக் குவளை தெளிகிறது என்று குனிந்து பார்ப்பாள். தெளிந்த குவளையில் எவ்வளவு விட்டாளோ அந்தக் கணக்கில்தான் பெரிய தொட்டிக்கும் படிகாரம் போகும். அவள் கை தவறினால் ஊர் முழுக்கச் செந்தண்ணீரில் பல் தேய்க்க வேண்டியதுதான்.

இதுவரை ஒரு குற்றமும் சொல்வதற்கில்லை. வேலையை வேலையிடத்தோடு விட்டுவிட்டு வருகிற மனுஷியாக இருந்தால் அவளைப் பற்றி எழுதவே ஒன்றும் இருந்திருக்காது. அவள் விட்டுவிட்டு வரமாட்டாள். வீட்டில் டீ போட்டாலும் ஆறு டம்ளர். முதலாவதில் சர்க்கரை பேருக்கு இருக்கும், ஆறாவதில் ஸ்பூன் நட்டுக்கொண்டு நிற்கும். வீட்டுக்காரர் வரிசையாக ருசி பார்த்து நம்பர் சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் இதை அன்பு என்று தப்பாக நினைத்து ஆறையும் குடித்துவிட்டு விடிய விடிய விழித்துக் கிடந்த மனிதர் அவர். ஒருமுறை தலைச்சாயத்தில் எது சரியான அளவு என்று பார்க்க, தூங்கிக்கொண்டிருந்த அவர் தலையிலேயே ஆறு பட்டை போட்டுவிட்டாள். அவருக்கு மோட்டார் காயில் கட்டுகிற கடை. வந்த வாடிக்கையாளர்கள் மோட்டாரை மறந்து தலையைப் பார்த்தார்கள். பாவம், தொப்பி வாங்கிக்கொண்டார்.

அவளிடம் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டு. “தண்ணி தானாத் தெளியாதா அக்கா?” என்று யாராவது வாயைக் கொடுத்தால் தொலைந்தார்கள்.

“எப்படித் தெளியும்?” என்று சேலையை இழுத்துச் செருகிக்கொள்வாள். “மழை பேஞ்சா ஆறு செவப்பா வருதுல்ல? அந்தச் செவப்பு அத்தனையும் துரு. இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த பொடி. கண்ணுக்கே தெரியாத பொடி. அது தண்ணிக்குள்ள சும்மா மிதக்குதுன்னு நினைக்காதீங்க. அது மேல தண்ணியே தோல் மாதிரி ஒட்டியிருக்கும். அந்தத் தோல்ல ஹைட்ரஜன் வந்து ஒட்டும், கழண்டும் போகும். தண்ணி புளிப்பா இருந்தா ஒண்ணு கூடுதலா ஒட்டிக்கும், பொடி பிளஸ் ஆயிடும். சோப்புத் தண்ணி மாதிரி காரமா இருந்தா இருக்கிறதும் கழண்டு ஓடும், மைனஸ் ஆயிடும். நம்ம ஆத்துல இலைதழை அழுகின சாறு வேற அது மேல பூசிக்கிட்டு வருது. அதனால வர்றது மொத்தமும் மைனஸ். மைனஸும் மைனஸும் கிட்ட வருமா? நீ தள்ளிப் போ, நீ தள்ளிப் போன்னு நிக்கும். சேராததால கனமாகாது, கனமாகாததால அடிக்குப் போகாது. வருஷக்கணக்கா வச்சிருந்தாலும் கலங்கலாவே நிக்கும்.”

இத்தோடு நழுவிவிட்டால் பிழைத்தார்கள். “அப்ப படிகாரம் என்ன பண்ணும்?” என்று கேட்டவர்கள் பஸ்ஸை விட்டார்கள்.

“படிகாரம் தண்ணியில விழுந்தா பிளஸ். அது போய் மைனஸை அடக்கும். தள்ளுமுள்ளு நின்னுடும். ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, பஞ்சு மாதிரி திரண்டு, அடியில போய் உக்காந்துடும். மனுஷங்களும் அப்படித்தான். தெரிஞ்சுக்கோங்க.”

கடைசி வரியைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். மனிதர்களைத் துரு என்று நினைக்க ஆரம்பித்ததில்தான் வந்தது வினை.

அவளுக்கு ஒரே ஒரு தம்பி. அம்மா போனபோது அவன் பள்ளிக்கூடம் போகிற பையன். கல்யாணமாகி வந்தபோது ஒரு கையில் பெட்டியையும் மறு கையில் இவனையும் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார், அவன் விழுந்தபோது அவனைவிடப் பெரிதாகக் கத்தினார். தம்பி வளர்ந்து கண்ணாடி அறுக்கும் தொழிலுக்குப் போனான், கல்யாணம் பண்ணிக்கொண்டான், அதே வீட்டின் மாடியில் குடியிருந்தான். மேலும் கீழுமாக எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சனியன் ஒரு நிலைக்கண்ணாடி ரூபத்தில் வந்தது.

மாடிப்படி திரும்புகிற இடத்தில் மாட்டுவதற்காகத் தம்பி ஆசையாக ஒரு கண்ணாடி அறுத்துக்கொண்டு வந்தான். அவன் குளிக்கப் போன நேரத்தில் மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், அதைவிட ஆசையாகத் தானே ஆணியடித்து மாட்டிவிட்டார். தம்பி ஈரத்தலையோடு வந்து, மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தான்.

“மாமா, கோணலா இருக்கு.”

“கண்ணாடி நேராத்தான் இருக்கு. உன் ரசமட்டம்தான் கோணல்.”

கண்ணாடிக்காரனிடம் அவன் ரசமட்டத்தைக் குறை சொல்வது அவன் பெண்டாட்டியைக் குறை சொல்வதைவிட மோசம். பெண்டாட்டி என்றால் அவளே பதில் சொல்லிக்கொள்வாள், ரசமட்டத்துக்கு யார் இருக்கிறார்கள்? தம்பிக்குச் சுருக்கென்றது. “காயில் சுத்தி சுத்தி உங்களுக்குத் தலை சுத்துது மாமா” என்றான். “என் வீட்டுச் செவுத்துல எது நேருன்னு எனக்குத் தெரியாதா?” என்றார் மாமா. அந்த “என் வீட்டு” என்கிற வார்த்தை போய் எங்கேயோ குத்தியது. அன்றோடு பேச்சு நின்றது. அதன்பிறகு படியில் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரைப் பார்ப்பார், இன்னொருவன் கூரையைப் பார்ப்பான். “மேல இருக்கறவங்க குழாயை மூடினா புண்ணியமாப் போகும்” என்று மாமா தண்ணீர்த் தொட்டியிடம் சொல்வார். தம்பி தொட்டியிடமே பதிலும் சொல்லிவிட்டுப் போவான்.

ஐந்து மாதம் இப்படி ஓடியது. பிறகு ஒருநாள் தம்பி வந்து, ஊரின் அந்தக் கோடியில் வீடு பார்த்துவிட்டதாகவும், ஞாயிற்றுக்கிழமை வேன் வருவதாகவும் சொல்லிவிட்டு அக்காவின் முகத்தைப் பார்க்காமல் மாடியேறினான்.

தன் கையால் தலைதுவட்டி வளர்த்த பிள்ளை ஒரு ஆணிக்காகப் போவதா? அவன் காலடிச் சத்தம் மேலே கேட்காத வீட்டில் தான் எப்படி இருப்பது? துணி துவைத்துக்கொண்டே அழுதாள். அழுது முடித்ததும் மூக்கைச் சிந்திவிட்டு ஒரு முடிவுக்கு வந்தாள். ரெண்டும் மைனஸ். படிகாரம் போட்டுவிட வேண்டியதுதான்.

முதல் அளவு சின்னதுதான். வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தபோது, “தம்பி உங்களை விசாரிச்சான்” என்றாள்.

“என்னன்னு?”

“நல்லா இருக்காரான்னு.”

“ஏன், நல்லா இருக்கக் கூடாதாமா?”

சரி, அளவு போதவில்லை. மாடிக்குப் போய், “கண்ணாடி அறுக்கறதுல உன்னை அடிச்சுக்க ஆளே இல்லன்னு மாமா கடையில சொல்லிக்கிட்டிருந்தாராம்டா” என்றாள்.

“அறுக்கறதுல மட்டும்தானா?” என்றான் தம்பி.

படிகாரம் போட்டால் உடனே பலன் தெரியாது. மெதுவாகக் கலக்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மற்றவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி உயிரை வாங்கியவள் அவள்தான். தன் வீடு என்று வந்ததும் பொறுமை காற்றில் பறந்துவிட்டது. வீட்டுக்காரர் அன்று சாயங்காலம் மாடிக்குத் தண்ணீர் ஒழுங்காக ஏறுகிறதா என்று சத்தமில்லாமல் பார்த்துவிட்டு வந்ததை அவள் கவனிக்கவில்லை. கீச்சிடுகிறது என்று மாமா திட்டிக்கொண்டே இருந்த வாசல் கேட்டுக்குத் தம்பி எண்ணெய் விட்டதையும் கவனிக்கவில்லை. நாளுக்கு நாள் அளவைக் கூட்டிக்கொண்டே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளுக்கு வேலை இருந்தது. வேன் வருகிற நேரத்தில் வீட்டில் இருக்க முடியாது. கிளம்பும் முன் இருந்ததெல்லாம் கொட்டிவிட்டாள்.

“ஏங்க, அவன் மாடியில தேம்பித் தேம்பி அழுதுக்கிட்டிருக்கான். ‘மாமா எனக்கு அப்பா மாதிரி அக்கா, அவர் சொன்னா அது நேர்தான்’னு சொல்லி அந்த ரசமட்டத்தையே உடைக்கப் போயிட்டான். நான்தான் பிடுங்கி வச்சேன்.”

வீட்டுக்காரர் தட்டை இன்னொரு தடவை நீட்டியிருந்தார். நீட்டிய கை அப்படியே நின்றது.

பிறகு மாடி.

“மாமா மூணு நாளாப் பச்சைத்தண்ணி குடிக்கலைடா. ‘என் பிள்ளை சரியாத்தான் சொன்னான், மாட்டினது நான்தான் கோணலா மாட்டிட்டேன்’னு செவுத்துல தலையை முட்டிக்கிட்டாரு.”

“எந்தச் செவுத்துல?”

“அதே செவுத்துலதாண்டா!”

தம்பியின் கண் கலங்கியது. அக்கா திருப்தியாகச் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்கு ஓடினாள்.

மேலே எங்கேயோ மழை. ஆறு சிவந்து வந்துகொண்டிருந்தது. குவளைகளை வரிசையாக வைத்தாள், படிகாரத்தை விட்டாள், கலக்கியை ஓடவிட்டாள். கை வேலை செய்தது, மனசு வீட்டில் கிடந்தது. இந்நேரம் கட்டிப் பிடித்திருப்பார்களா? கலக்கி நிற்பதற்குள்ளேயே எழுந்து போய்த் தொட்டிக்குப் படிகாரம் போகிற பம்பைக் கூட்டினாள். தொட்டி கலங்கலாகவே இருந்தது. இன்னும் கூட்டினாள். இந்நேரம் பீரோவை இறக்கியிருப்பார்களா? தொட்டி இன்னும் கலங்கியது. திருகியை முடிந்த மட்டும் திருப்பினாள்.

இன்ஜினியர் ஓடி வந்தார். போன் அடித்தாலே நடுங்குகிற மனிதர், அதனால் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பார்.

“அக்கா, தண்ணி டீ மாதிரி இருக்கே?”

“கூட்டியிருக்கேன் சார். தெளிஞ்சிடும்.”

“எத்தனை தடவை கூட்டினீங்க?”

அவள் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். அவர் மேஜையருகே போய்க் குவளைகளைக் குனிந்து பார்த்தார்.

“அக்கா, இங்க வாங்க. மூணாவதைப் பாருங்க, பளிங்கு மாதிரி இருக்கு. ஆறாவதைப் பாருங்க, ஆத்துத் தண்ணி மாதிரியே கலங்கி நிக்குது. தொட்டியில நீங்க ஆறாவதையும் தாண்டிட்டீங்க. படிகாரம் ஜாஸ்தியாகி அத்தனை மைனஸும் பிளஸ் ஆயிடுச்சு. இப்ப பிளஸ்ஸும் பிளஸ்ஸும் ஒண்ணையொண்ணு தள்ளிக்கிட்டிருக்கு.”

தெரியாத விஷயமா? அவளே எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள்? “ஐயையோ!” என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“பதறாதீங்கக்கா. படிகாரத்தை நிறுத்திட்டு ஆத்துத் தண்ணியைக் கொஞ்ச நேரம் அப்படியே உள்ள விட்டா, அந்த அழுக்கோட மைனஸ் வந்து இந்தப் பிளஸ்ஸை அடக்கிடும்.”

“தண்ணி கிடக்குது சார்! என் வீட்டுல ரெண்டு பிளஸ் நிக்குது!”

இன்ஜினியர் பழக்கதோஷத்தில் போனைப் பார்த்தார்.

“அழுக்கு விடணும் சார், அழுக்கு! நீங்க இங்க விடுங்க, நான் போய் அங்க விட்டுட்டு வந்துடறேன்!” என்று கத்திக்கொண்டே அவள் வாசலுக்குப் பாய்ந்தாள்.

வீட்டு வாசலில் வேன் நின்றது. பாதி சாமான் ஏறியிருந்தது. டிரைவர் கதவில் சாய்ந்துகொண்டு, காசில்லாமல் கிடைத்த வேடிக்கையை விட்டுவிட்டு எங்கேயும் போக மனசில்லாமல் நின்றார். தம்பி பெண்டாட்டி சுருட்டிய மெத்தைமேல் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்திருந்தாள். மாடிப்படியில் ஊர் கூடுகிற மாதிரி சத்தம்.

“நான் மாட்டினதுதாண்டா கோணல்!”

“இல்ல மாமா, அது நேரா இருந்துச்சு. என் ரசமட்டம்தான் சரியில்ல.”

“உன் ரசமட்டத்தைக் குறை சொன்னா நாக்கை அறுத்துடுவேன்!”

“முதல்ல சொன்னதே நீங்கதான்!”

“அதைத்தானே தப்புங்கறேன்! மனுஷனைத் தப்பை ஒத்துக்க விட மாட்டியா?”

“என் தப்பை நீங்க ஏன் எடுத்துக்கறீங்க? எப்பவும் பெரிய மனுஷன் நீங்க, சின்னப் புத்தி எனக்கு, அப்படித்தானே? முதல்ல இந்த ரொட்டியைத் தின்னுங்க. மூணு நாளாப் பட்டினி கிடந்துக்கிட்டுப் பேச்சைப் பாரு!”

“நான் சாப்பிட்டேண்டா!”

“பொய் சொல்லாதீங்க!” என்று தம்பி ரொட்டியை மாமாவின் வாயில் திணித்தான். மாமா திணறிக்கொண்டே, “நீ அழுததை நிறுத்துடா முதல்ல!” என்றார்.

“நான் எங்க அழுதேன்?”

“எனக்காக மறைக்காதே! இவ்வளவு நல்லவனா இருந்து என்னைக் கேவலப்படுத்தறியா?”

“அப்ப நான் நல்லவனா இருக்கக் கூடாதா? போதும் சாமி. இதுக்கு மேல ஒரு நிமிஷம் இங்க நிக்க மாட்டேன். அண்ணே, மிச்சத்தையும் ஏத்துங்க!”

“அஞ்சு மாசம் பேசாம இருந்தாங்க அண்ணி. அதுவே நிம்மதியா இருந்துச்சு” என்றாள் தம்பி பெண்டாட்டி.

அக்கா கணக்குப் போட்டாள். உண்மையைச் சொன்னால் இரண்டு பேரும் தன்னைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொள்வார்கள். தம்பி போவது மட்டுமில்லாமல், இனி தன் முகத்தில் விழிக்காமலே போய்விடலாம். சொல்லாவிட்டால் எப்படியும் போகத்தான் போகிறான். கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

“நிறுத்துங்க! அவன் அழவும் இல்ல, ரசமட்டத்தை உடைக்கவும் போகல. இவரு பட்டினியும் இல்ல, செவுத்துல முட்டிக்கவும் இல்ல. யாரும் யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கல. அத்தனையும் நான் கட்டிவிட்ட கதை. போதுமா?”

மாமா ரொட்டியை விழுங்கினார்.

“அழவே இல்லையா?” என்று கேட்டார். குரலில் ஏமாற்றம்.

“ஒரு சொட்டு இல்ல.”

“நானும் நினைச்சேன் மாமா” என்றான் தம்பி மெதுவாக. “காலையில பார்த்தப்ப உங்க தொப்பை அப்படியேதானே இருந்துச்சு, மூணு நாள் பட்டினியாச்சேன்னு.”

“ரசமட்டத்தை உடைக்கப் போனான்னு சொன்னப்பவே எனக்கும் இடிச்சுது. நீ உயிரை விட்டாலும் அதை விட மாட்டியே.”

அக்கா விடவில்லை. விட ஆரம்பித்த அழுக்கு முழுசாக உள்ளே இறங்கட்டும். “தப்பு ரெண்டு பேர் மேலயும்தான். கண்ணாடியும் கோணல், செவுரும் கோணல், உங்க ரெண்டு பேர் புத்தியும் கோணல். ஒரு ஆணிக்காக அஞ்சு மாசம் என்னைத் தூங்க விடாமப் பண்ணின தடிமாடுங்க!”

இரண்டு தலைகளும் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பின.

“பண்றதையும் பண்ணிட்டு நம்மளையே திட்டறா பாரு” என்றார் மாமா.

“உங்க பொண்டாட்டிதானே.”

“உங்க அக்காடா! என் தலையில கட்டினதே உங்க குடும்பம்தான்.”

“எனக்கு மட்டும் என்ன வாழ்ந்துச்சு? சின்ன வயசுல இருமல் மருந்தை ஆறு அளவுல குடுத்துப் பார்த்தவ மாமா இவ. நாலாவது அளவுல மயங்கி விழுந்தேன்.”

“அடப்பாவமே, இது எனக்குத் தெரியாதே! உக்காரு, உக்காரு. எனக்கு டீயில நடந்ததைக் கேளு.”

இரண்டு பேரும் மாடிப்படியில் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தார்கள். படி அகலம் குறைவு, ஆளுக்குப் பாதி இடுப்புதான் கொண்டது. அவன் கையிலிருந்த மிச்ச ரொட்டியை மாமா பிய்த்துத் தின்றுகொண்டே சொன்னார். அவன் தொடையில் தட்டிக்கொண்டு கேட்டான். அவளுடைய ஒவ்வொரு அக்கிரமமும் வெளியே வந்தது. இவ்வளவா செய்திருக்கிறோம் என்று அவளுக்கே மலைப்பாக இருந்தது. ஆனாலும் மறுக்கவில்லை, இன்னும் சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள்.

டிரைவர் ஹாரனை அடித்தார். “என்னங்க, ஏத்தறதா, இறக்கறதா? சொல்லிட்டா நல்லா இருக்கும்.”

தம்பி வேனைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான். மாமா ரொட்டித் துணுக்கை வேட்டியிலிருந்து தட்டிவிடுவது போலக் குனிந்துகொண்டார். கடைசியாக அவன் அக்காவைப் பார்த்தான்.

“இறக்கிடுங்கண்ணே” என்றான் தம்பி. “இந்தப் பொம்பளைகிட்ட எங்க மாமாவைத் தனியா விட்டுட்டு நான் எப்படிப் போறது?”

“அப்படிச் சொல்லு மாப்ளே!” என்று எழுந்தார் மாமா.

அக்கா அந்த இடத்திலேயே பொத்தென்று உட்கார்ந்து ஓவென்று அழுதாள். இது அவள் கட்டிவிட்டதில்லை, நிஜமான அழுகை. அவர்கள் இருவரும் நம்பவில்லை. பீரோவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி, “வழியை விடு” என்று சொல்லி, அவளைத் தாண்டி மாடியேறினார்கள்.